வார விடுமுறையும் ஒரு வகுப்பே

மேற்படிப்புக்காக அயல்நாடு செல்லும் நம் பெண்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். "படிக்கப் போனாளா, ஊர் சுற்றப் போனாளா?" என்பது ஒன்று. "இரண்டு வருஷம் இருந்தாளே, அந்த ஊரைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரிகிறதா?" என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தாம்.

இத்தாலியில் பொலோஞா நகரில் இரண்டாண்டுகள் முதுநிலை பயின்ற பழைய மாணவி என்ற உரிமையில் இதைப் பற்றி என் கருத்தை எழுதுகிறேன். சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாட்களில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வருவது படிப்புக்கு இடைஞ்சலன்று. அது படிப்பின் ஒரு பகுதி. அந்த இரண்டு நாட்களையும் அறைக்குள் பூட்டி வைக்கும்படி தொலைபேசியில் உத்தரவிடும் பெற்றோர், தாம் கட்டிய பணத்தில் பாதியைத் தாமே வீணாக்குகிறார்கள். சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். காரணத்தைச் சொல்லுகிறேன்.

இப்போது இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் பல பட்டப்படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றன. நம் பெண்கள் பெரும்பாலும் அவற்றில்தான் சேருகிறார்கள். வகுப்பில் ஆங்கிலம், அறைத்தோழியுடன் ஆங்கிலம், இரவில் வீட்டாருடன் தமிழ். இத்தாலிய மொழி காதில் விழ வேண்டுமானால் வீதிக்குத்தான் போக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மிகக் கெட்டிக்காரி, வீட்டார் சொற்படி ஓராண்டுக் காலம் விடுதியையும் நூலகத்தையும் தவிர வேறொன்றும் காணாமல் இருந்தாள். இரண்டாம் ஆண்டில் ஓர் இரவு கடுமையான வயிற்றுவலி வந்தது. எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று மருத்துவமனையில் கேட்ட சாதாரணக் கேள்விக்கு அவளுக்குப் பதில் சொல்ல வரவில்லை. நல்லவேளையாகக் கூடச் சென்றவள் ஞாயிறு தோறும் சந்தைக்கும் கோவிலுக்கும் ஊர் ஊராகவும் அலைந்த பெண், அவள் பேசினாள். மதிப்பெண் பட்டியலில் இவள்தான் கீழே இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஊர் பார்ப்பது என்றதும் பாரிஸ், பார்சிலோனா, பிராக் என்று நினைத்துக்கொள்ளும் கூட்டமும் உண்டு. பொலோஞா விமான நிலையத்திலிருந்து மலிவான விமானங்கள் பல நாடுகளுக்குப் பறக்கின்றன. வெள்ளி இரவு போய், ஞாயிறு நள்ளிரவு திரும்பி, திங்கட்கிழமை வகுப்பில் உறங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைப்பேசியில் நானூறு படம் இருக்கும். அந்த ஊரில் ஒரு மனிதரோடாவது பேசினாயா என்றால் விடுதிக் காசாளரைத் தவிர யாரும் இராது. இதை நான் ஆதரிக்கவில்லை. செலவு ஒருபுறமிருக்க, சட்டச் சிக்கலும் இருக்கிறது. இத்தாலிக்குள் வந்த எட்டு நாட்களுக்குள் அஞ்சலகம் வழியாகத் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கைக்கு வர மாதங்கள் ஆகும். விசா முடிந்து, அஞ்சலக ரசீது மட்டும் கையிலிருக்கும் காலத்தில் இத்தாலிக்குள் எங்கும் போகலாம். பிற ஐரோப்பிய நாடுகளுக்குப் போகலாகாது. விலை மலிவு என்று டிக்கெட் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

பக்கத்து ஊர் என்றேன். அதற்கும் முன்னே சொந்தத் தெரு இருக்கிறது.

பொலோஞாவின் நடுவில், கடைவீதிக்குச் சற்றுத் தள்ளி, 'கோர்ப்புஸ் தோமினி' என்றொரு கோவில் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் உள்ளே நுழையத் தோன்றாது. 1456-இல் பெர்ராரா நகரிலிருந்து வந்து இங்கே கிளாரா சபை மடத்தை நிறுவிய பொலோஞா நகர் புனித கத்தரீனாள், 1463-இல் இறந்தார். அவருடைய உடல் இன்றும் ஒரு சிற்றாலயத்தில் நாற்காலியில் அமர்ந்த நிலையில் இருக்கிறது; முகமும் கைகளும் காலத்தால் கறுத்துப் போயிருக்கின்றன. முதலில் பார்க்கும்போது அச்சமாகத்தான் இருக்கும். அவர் ஓவியம் தீட்டியவர், நரம்பிசைக் கருவி வாசித்தவர், நூல் எழுதியவர். மடத்துக்குள் இருந்துகொண்டே இத்தனையும் செய்தவர் என்பதை நம் சிஸ்டர்மார்கள் கேட்டு மகிழ்வார்கள். அதே கோவிலில்தான் தவளைக் காலை வைத்து மின்சாரத்தை ஆராய்ந்த லூயிஜி கால்வானியின் கல்லறை இருக்கிறது. அவருக்கு அருகிலேயே லௌரா பாஸ்ஸியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

லௌரா பாஸ்ஸியைப் பற்றி நம் பாடநூல்களில் நான் படித்ததில்லை. 1732-இல், இருபது வயதில், பொலோஞா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அதே ஆண்டில் அங்கேயே ஆசிரியையாகவும் நியமனம் பெற்றவர். சம்பளம் கொடுத்தார்கள். ஆனால் பெண் என்பதால், மேலிடம் அழைத்த சில நாட்களில் மட்டுமே பொது மண்டபத்தில் விரிவுரையாற்ற அனுமதித்தார்கள். அவர் என்ன செய்தார்? திருமணத்துக்குப் பின் தம் வீட்டிலேயே வகுப்பும் சோதனைக்கூடமும் அமைத்து இயற்பியல் கற்பித்தார். 1776-இல்தான் சோதனை இயற்பியல் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அவருடைய கணவர் அவருக்குத் துணை ஆசிரியராகப் பணியாற்றினார். விடுதியிலிருந்து பதினைந்து நிமிட நடையில் இருக்கும் இந்தக் கல்லறையை அறிவியல் படிக்கும் ஒரு பெண் காணாமலே ஊர் திரும்புவாளானால், அதைச் சிக்கனம் என்றோ அடக்கம் என்றோ என்னால் சொல்ல முடியவில்லை.

நகரின் தென்மேற்கே குன்றின்மேல் புனித லூக்காவின் பெயரால் வழங்கும் மாதா கோவில் இருக்கிறது. நகர எல்லையிலிருந்து கோவில் வாசல்வரை ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் தூரம், 666 வளைவுகள் கொண்ட மூடிய நடைபாதை. 1674-இல் கட்டத் தொடங்கினார்கள். எதற்காக? ஆண்டுதோறும் மாதாவின் படத்தைப் பவனியாகக் கீழே கொண்டுவரும்போது மழையில் நனையாதிருக்க. அந்தப் பவனி பிறந்த கதையும் மழையைப் பற்றியதே. 1433-இல் விடாமழை பெய்து பயிர் அழுகும் நிலை வந்தபோது, மாதாவின் படத்தை நகருக்குள் எடுத்து வந்தார்களாம், மழை நின்றதாம். மழை வேண்டிப் பவனி எடுத்தே பழகிய நமக்கு, மழையை நிறுத்த மன்றாடும் ஊரும் உலகத்தில் உண்டு என்று தெரிகிறபோது சிரிப்பும் வருகிறது, சற்றுப் பொறாமையும் வருகிறது! ஆண்டவரின் விண்ணேற்ற விழாவையொட்டி மாதா நகருக்குள் இறங்கி வந்து ஒரு வாரம் பேராலயத்தில் தங்கும் நாட்களில் அங்கே இருப்பவர்கள் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும். நகரம் முழுவதும் இப்படிப்பட்ட மூடிய நடைபாதைகள் இருப்பதால் குடை இல்லாமலே வகுப்புக்குப் போய்விடலாம். 2021-இல் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

ரயில் ஏறப் போகும்போது நிலையத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டிய இடம் உண்டு. வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் 10.25-இல் நிற்கிறது. பழுதன்று. 1980 ஆகஸ்டு 2-ஆம் நாள் காலை அந்நேரத்தில் காத்திருப்போர் அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தனர். கோடை விடுமுறைக்குப் புறப்பட்டவர்கள், குழந்தைகள். பெயர்களைச் சுவரில் பொறித்திருக்கிறார்கள். பல மாணவர்கள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள். கடிகாரம் ஓடவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டவர்களையும் கேட்டிருக்கிறேன்.

இனி ரயில். வேக ரயில்கள் மாணவர்களுக்கு வேண்டாம். எல்லா ஊரிலும் நின்று போகும் பிராந்திய ரயில்தான் நமக்கு ஏற்றது. கட்டணம் தூரத்துக்கேற்ப நிர்ணயமானது. கடைசி நிமிடத்தில் வாங்கினாலும் அதே விலை. காகிதச் சீட்டை ஏறுமுன் பிளாட்பாரத்து எந்திரத்தில் செருகி முத்திரையிட வேண்டும். மறந்தால் அபராதம், "நான் வெளிநாட்டு மாணவி" என்பது அங்கே செல்லாது. வேலைநிறுத்தம் அடிக்கடி வரும், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள்; ஞாயிறு அல்லாத நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை முக்கியமான ரயில்கள் ஓடும் என்ற ஏற்பாடும் உண்டு. பேருந்து அட்டவணையில் 'ஃபெரியாலே' என்றால் ஞாயிறு, திருநாள் நீங்கலான நாள். 'ஃபெஸ்தீவோ' என்றால் ஞாயிறும் திருநாளும். இந்த இரண்டு சொற்களைத் தெரியாமல் ஞாயிறு காலை ஒரு சிற்றூரில் இறங்கினால் மாலை வரை அந்தச் சிற்றூரிலேயே இருக்கலாம். அதுவும் ஓர் அனுபவந்தான், ஆனால் டிசம்பர் மாதத்தில் வேண்டாம்.

ராவென்னா ஒன்றேகால் மணி நேரப் பயணம். வெறும் செங்கல் கட்டடங்கள். உள்ளே போனால் சுவரெல்லாம் பொன்னும் நீலமும் பச்சையுமான கண்ணாடிச் சில்லுகளால் ஆன படங்கள், ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் பழைமையானவை. புதிய புனித அப்பொல்லினாரே கோவிலின் இடப்பக்கச் சுவரில் இருபத்திரண்டு கன்னியர் வரிசையாக மாதாவை நோக்கி நடந்து போகிறார்கள். கரைவைத்த பட்டுடுத்திக் கல்யாண வீட்டுக்குப் போகும் நம் பெண்களைப் போலவே இருக்கும். முகங்கள் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் எழுதியிருக்கிறது: ஆக்னேஸ், ஆகத்தா, செசிலியா, லூசியா... ஆக்னேஸின் காலடியில் ஆட்டுக்குட்டி. நம் வகுப்புகளின் வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயர்கள்தாமே! அன்று அந்தச் சுவரில் என் வகுப்புத் தோழிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். அதே ஊரில் கவிஞர் தாந்தேயின் கல்லறை இருக்கிறது. அவரை நாடுகடத்திய பிளாரன்ஸ் நகரம், 1321-இல் அவர் இறந்த பிறகு உடலைக் கேட்டது, ராவென்னா தரவில்லை. துறவிகள் எலும்புகளை எடுத்து ஒளித்தே வைத்துவிட்டார்கள், 1865-இல்தான் கிடைத்தன. பிளாரன்ஸில் இருப்பது வெற்றுக் கல்லறை. இன்றும் ராவென்னாக் கல்லறையின் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அனுப்புவது பிளாரன்ஸ்தான். உயிரோடு இருந்தபோது விரட்டிவிட்டுப் பிறகு எண்ணெய் ஊற்றுவது எல்லா ஊருக்கும் பொது வழக்கம் போலும்.

பதுவையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்தோனியார் கோவிலுக்குப் போகாத தமிழ்ப் பெண் இருக்க மாட்டாள். ஆனால் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தின் படிக்கட்டு அருகே நிற்கும் எலேனா கொர்னாரோ பிஸ்கோப்பியாவின் சிலையையும் பார்த்துவிட்டு வர வேண்டும். 1678-இல் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி. இறையியலில் பட்டம் கேட்டார். ஆயர் மறுத்ததால் தத்துவத்தில் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பயணம் எந்தச் சுற்றுலா விளம்பரத்திலும் இல்லாதது. மாந்துவா மாவட்டத்தில் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே என்ற சிறு நகரம். பெயர்தான் பெரிது. மொதெனாவில் ரயில் மாறி மாந்துவா, அங்கிருந்து பேருந்து. சனிக்கிழமை விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்று விடுதித் தோழிகள் கேட்டார்கள். 1680 நவம்பர் 8-இல் அங்கே பிறந்த ஒரு குழந்தை பிற்காலத்தில் தமிழகம் வந்து தேம்பாவணி பாடியது, சதுரகராதி தொகுத்தது, எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டியது. நாம் இன்று 'ஏ' என்றும் 'ஓ' என்றும் எழுதும்போதெல்லாம் அந்த ஊருக்குக் கடன்பட்டிருக்கிறோம். சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்த வீரமாமுனிவரின் ஊர் அது. ஒரு மனிதர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. அவர் பிறந்த ஊரின் தெருவில் நின்று, மூடுபனியில் கைவிரல் மரத்துப்போகும் போது திருச்சி வெயிலை நினைத்துப் பார்ப்பது வேறு.

அந்த ஊரே புனித ஞானப்பிரகாசியாருக்கும் ஊர். 1568-இல் அங்கே கொன்சாகா அரண்மனையில் பிறந்த அலோசியஸ், பட்டத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, ரோமாபுரியில் கொள்ளை நோயாளிகளைச் சுமந்து, 1591-இல் இருபத்து மூன்று வயதில் இறந்தார். அவருடைய தலை அங்குள்ள பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் பள்ளிப் பெண்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது மூன்றாவது செய்தி. 1859 ஜூன் 24-இல் பக்கத்திலுள்ள சொல்ஃபெரினோவில் பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் பிரெஞ்சு, சார்தீனியப் படைகள். மறுபக்கம் ஆஸ்திரியப் படை. ஒரே நாளில் பல்லாயிரம் பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்தார்கள். காயம்பட்டவர்கள் வண்டி வண்டியாகக் காஸ்தில்யோனேக்கு வந்தார்கள். மருத்துவர் போதவில்லை, மருந்து போதவில்லை. ஊர்ப் பெண்கள், சிறுமியர் உட்பட, தண்ணீரும் கட்டுத்துணியும் எடுத்துக்கொண்டு பெரிய கோவிலுக்குள் போனார்கள். எந்த நாட்டுச் சீருடை என்று அவர்கள் பார்க்கவில்லை. எல்லோரும் சகோதரர்தாம் என்று சொல்லிக்கொண்டு பகைவனுக்கும் தண்ணீர் கொடுத்தார்கள். தம் வியாபார அலுவலாக அங்கே வந்திருந்த ஹென்றி துனான் என்னும் சுவிஸ் நாட்டவர் அதைக் கண்டு, அவர்களோடு சேர்ந்து உழைத்து, 1862-இல் புத்தகமாக எழுதினார். அதன் விளைவே 1863-இல் தோன்றிய செஞ்சிலுவை இயக்கம். இன்று அந்த ஊரில் செஞ்சிலுவை அருங்காட்சியகம் இருக்கிறது. நம் பள்ளியிலும் செஞ்சிலுவைப் பட்டி அணிந்து விளையாட்டு விழாவில் முதலுதவிக்கு நிற்கிறோம். துனான் பெயரைப் பரீட்சைக்குப் படித்தோம். தண்ணீர்க் குடம் தூக்கிய பெண்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்டதில்லை. அங்கே போன பின்புதான் எனக்கே தெரிந்தது.

பெற்றோருடைய அச்சத்தை நான் அறியாதவளல்லள். "வேற்று நாடு, வயசுப் பெண்" என்று என் அம்மாவும் சொன்னவர்தான். இத்தாலியில் பயமே இல்லை என்று சொன்னால் அது பொய். பெரிய ரயில் நிலையங்களில் பைத்திருடர் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் நிலையத்தைச் சுற்றிய சில தெருக்களில் நடக்கலாகாது. ஆகவே வீட்டிலேயே இரு என்பதா விடை? நான் தங்கியிருந்தது கன்னியர் மட விடுதி. வாயிலில் இருந்த வயதான சிஸ்டர் யாரையும் போகாதே என்று தடுத்ததில்லை. எந்த ஊர், யாரோடு, எந்த ரயிலில் திரும்புகிறாய் என்று மூன்று கேள்வி கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். திரும்பி வந்ததும் அங்கே பீடத்தில் என்ன படம் இருந்தது என்று கேட்பார். தெரியாவிட்டால், "அப்படியானால் போகவே இல்லை" என்பார். இரண்டு பேராகவோ மூன்று பேராகவோ போவது, கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் திரும்புவது, கடவுச்சீட்டை அறையில் வைத்து நகலைக் கையில் வைத்துக்கொள்வது, 112 என்ற அவசர எண்ணை மனப்பாடம் செய்வது: இவ்வளவு ஒழுங்கு போதும். சனிக்கிழமை முழுவதும் வீடியோ அழைப்பில் மகளைப் பிடித்து வைத்திருப்பது காவலாகாது. அழைப்பு இருக்கும், அவள் எங்கே இருக்கிறாள் என்பது மட்டும் தெரியாமல் போகும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு அந்தந்த மாநில அரசின் உதவித்தொகை உண்டு. வெளிநாட்டவரும் விண்ணப்பிக்கலாம், நம் ஊரிலேயே வருமானச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துச் சரியாக வாங்கிச் செல்ல வேண்டும். அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு நுழைவுக் கட்டணம் இல்லை. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. மதிய உணவுக்கு எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் கண்ட படிக்கட்டில் உட்கார்ந்து பிரிக்கக் கூடாது, சில நகரங்களில் அதற்கு அபராதம். கோவில்கள் மதியம் மூடிவிடும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை; சுடிதார் போட்டுப் போன எங்களை யாரும் வாசலில் நிறுத்தியதில்லை.

இத்தாலியர்கள் திருநாளுக்கும் ஞாயிறுக்கும் இடையிலுள்ள வேலைநாளையும் விடுமுறையாக்கிக்கொண்டு அதற்குப் 'பாலம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு பாலத்தில்தான் சிசிலித் தீவின் பலெர்மோவுக்குப் போனேன். இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர் அங்கே ஏராளம். ஞாயிறு காலையில் பெல்லெக்ரீனோ மலைமேல் குகைக்குள் இருக்கும் புனித ரொசாலியாவின் கோவிலுக்கு அவர்கள் குடும்பம் குடும்பமாக நடந்தே ஏறுகிறார்கள். கிறிஸ்தவர் மட்டுமல்லர், இந்துக்களும். வழியில் ஓர் அம்மா மூச்சு வாங்க நின்று, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன். தம் மகளும் வடக்கே படிக்கிறாள், ஞாயிறு தோறும் என்ன செய்கிறாளோ தெரியவில்லை என்றார். ஊர் பார்க்கப் போயிருப்பாள் என்றேன். "போகட்டும், போகட்டும். நான் வந்த காலத்தில் வேலை வீட்டையும் இந்த மலையையும் தவிர வேறொன்றும் கண்டதில்லை" என்று சொல்லிவிட்டு மேலே ஏறத் தொடங்கினார்.

வரும் செப்டம்பரில் நம் பழைய மாணவியர் இருவர் இத்தாலிக்குப் புறப்படுகிறார்கள் என்று தலைமையாசிரியை சிஸ்டர் தெரிவித்தார்கள். காஸ்தில்யோனேக்குப் போவதாயிருந்தால் சனிக்கிழமையே போங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை நம்ப வேண்டாம்.